வட்டம் இருக்கிறதா

சங்கிலிப் பட்டியலில் வட்டம் இருக்கிறதா,
எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றார்கள்
நான்காவது கம்பெனியிலும்.

இரண்டு பேரை ஓடவிட வேண்டும்.
ஒருவனுக்கு ஓரடி, இன்னொருவனுக்கு ஈரடி.
வட்டமிருந்தால்
முன்னால் போனவன் பின்னாலிருந்து வந்து
மெதுவானவன் தோளில் இடிப்பான்.
மார்க்கர் காய்ந்திருந்தது.
பாதி விடையைக் காற்றில் எழுதினேன்.
"சொல்லியனுப்புறோம்."

பெண்ணையாற்றுப் பாலத்தில்
கால்மணி நேரம் நின்றது பேருந்து.
அம்மாவின் மிஸ்டு கால் இரண்டு.
திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது
யாரோ தோளில் இடித்தார்கள்.

தமிழ்வேந்தன்.
எங்கள் வகுப்பில் முதலில் வேலைக்குப் போனவன்,
பெங்களூர், அப்புறம் ஹைதராபாத்.
கையில் பிளாஸ்டிக் ஃபைல்,
மடிப்புக் கலையாத வெளிர்நீலச் சட்டை.
போன மாதம் ஒரே மின்னஞ்சலில்
நானூறு பேரை அனுப்பிவிட்டார்களாம்.
எனக்குக் காலை பத்து மணி கொடுத்த இடத்தில்
அவனுக்கு மூன்று.

"என்ன கேட்டாங்க?"
சொன்னேன்.
"இன்னும் அதேதானா" என்று சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

பாண்டி வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.
ஓடிப்போய்த் தொற்றி ஏறினான்,
இரண்டிரண்டு படியாக.