மூட்டைக்கு நாற்பது

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
கடைசியாக மேசைமேல் ஏறியது ஒரு பரங்கிக்காய்.
முறுக்குப் பெட்டி, கால் கட்டிய சேவல்,
ஒரு மரக்கால் சீரகச்சம்பா எல்லாம் போய்விட்டன.
"ஐம்பது" என்றார் செபத்தேயு உபதேசியார்.
நூறு என்றேன்.
உரக்கடை யோபு இருநூறு என்றார்.

எனக்கு அன்று நல்ல மனசு.
மாசி வெயில், புதுச் சட்டை,
முன்வரிசையில் என் மனைவி.
நானூறு. எழுநூறு. ஆயிரம்.
பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு என்று நான் சொன்னபோது
யோபு சிரித்துக் கைகூப்பிவிட்டார்.
கோயில் முழுக்கக் கைதட்டல்.
தாராளக் கை என்றார் ஆயர், என் பெயரைச் சொல்லி.

காயை எடுத்துக் கொடுக்க வந்தவள் லேயாள்.
அவள் கொல்லையில் காய்த்தது.
அவளும் கைதட்டியிருந்தாள்.
"காம்பப் பிடிக்காதீங்கண்ணே, ஒடிஞ்சிரும்.
அடியில கை குடுத்துத் தூக்குங்க."

லேயாளை எனக்குத் தெரியும்.
தை மாதம் எங்கள் கொள்முதல் நிலையத்தில்
ஒன்பது இரவு நெல்லோடு படுத்திருந்தாள்.
மழை வந்த இரவில் தார்ப்பாயை நெல்லுக்குப் போர்த்திவிட்டு
காலிச் சாக்கைத் தலையில் கவிழ்த்து
உட்கார்ந்தே விடிய வைத்தாள்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டுகிறது என்றேன்.
தாண்டவில்லை.
அறுபத்திரண்டு மூட்டை.
மூட்டைக்கு நாற்பது.
அவள் தாள்களை மடித்து நீட்டியதும்
கருவி பதினாறு காட்டியது.

நான் பேராசைக்காரன் இல்லை.
ஐம்பது கேட்கிற இடங்கள் உண்டு.
நாற்பது போதும் என்று நிற்பதைத்தான்
மனநிறைவு என்று இத்தனை நாள்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அரிவாள்மணையில் பரங்கி இரண்டாகப் பிளந்தது.
உள்ளே மஞ்சள், வாசல்வரை வாசனை.
அறுத்த பரங்கி காத்திருக்காது.
பத்தை பத்தையாய்த் தெருவுக்கே போனது:
தச்சர் வீட்டுக்கு, எதிர்வீட்டு நூர்ஜகானுக்கு,
கோலப்பொடி விற்க வந்தவளுக்கு.
பரங்கிக்கு இதில் பெருமை ஒன்றுமில்லை.
வைத்திருந்தால் அழுகும், அவ்வளவுதான்.
ரூபாய் அழுகுவதில்லை.
அழுகுமானால் நாங்கள் எல்லாரும்
பரிசுத்தவான்கள்.

அன்றிரவு முழங்காலிட்டேன்.
வாயைத் திறந்தால் வாய்ப்பாடு வந்தது.
அறுபத்திரண்டு நாற்பது
இரண்டாயிரத்து நானூற்று எண்பது.
ஆண்டவருக்கு நான் கொடுத்ததில்
என்னுடையது இருபது ரூபாய்.
அதுவும் வேறு யாருடைய மூட்டையோ.
ஆமென் சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை,
வீட்டில் கிடந்த காணிக்கை உறை ஒன்றில்
முழுத் தொகையும் வைத்து எடுத்துப் போனேன்.
மேலே போன பங்கு, லாரிக்குப் போன பங்கு
இரண்டையும் சம்பளத்திலிருந்து போட்டேன்.
(இதை ஏன் சொல்கிறேன்?
இன்னும் கைதட்டல் கேட்கிறது போல.)

லேயாள் உளுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாள்.
உறையை நீட்டினேன். சொல்ல வார்த்தை இல்லை.
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
நன்றி சொல்லவில்லை.
எதற்குச் சொல்ல வேண்டும்?
அது அவள் நெல்.

பிறகு ஐந்து ஐம்பது ரூபாய்த் தாள்களைப் பிரித்து
முந்தானையில் தனியாக முடிந்தாள்.
"பத்துல ஒண்ணுன்னா இருநூத்து நாப்பத்தெட்டு.
ரெண்டு ரூவா கூடப் போவட்டும்" என்றாள்,
என்னிடம் அல்ல, உளுந்திடம்.
தெளிப்பானை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

வீரசோழன் கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.
பெட்ரோல் இருந்தது.
ஆற்றில் முழங்கால் தண்ணீர்,
கேட்கிறவருக்கெல்லாம் மடை மடையாய்ப் பிரிந்தது போக.
மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன்.
ஆகவில்லை.
இந்தச் சம்பாவுக்கு மட்டும்
முந்நூற்றுப் பதினொரு பேர்.
பெயர், சிட்டா எண், மூட்டை
எல்லாம் பதிவேட்டில் வரிசையாக இருக்கின்றன.
என் கையெழுத்து
எப்போதும் தெளிவாக இருக்கும்.