ரப்பர் வளையம்

சைக்கிளை விற்ற போஜராஜுக்குத் தொண்ணூறு கிலோ.
எனக்கு ஐம்பத்து நான்கு.
இது உறைக்காமல் கெங்கரை இறக்கத்தில்
மூன்று ஞாயிறு பல் கிட்டித்தேன்.
அவர் உடம்புக்கு அடைத்த காற்று
என்னை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

நாலாம் ஞாயிறு, தூறல்.
தேயிலை எடை போடும் கொட்டகையில் ஒதுங்கி
ஃபோர்க்கின் மூடியைத் திருகி
வால்வைச் சாவி நுனியால் அழுத்தினேன்.
உஸ்ஸென்று
கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினார் போஜராஜ்.

"பஞ்சரா?" என்றாள் ஜெசிந்தா, தராசிலிருந்து.
இல்லை, என் எடையைச் சொல்கிறேன் இதற்கு.
"பரவால்ல, கேக்குதே.
இது சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கும்."

ஏறி உட்கார்ந்தால் கால்வாசி தாழ வேண்டும்.
பள்ளம் வந்தால் சக்கரம் எட்டித் தொட
அந்தத் தாழ்வுதான் கை கொடுக்கும்.
எவ்வளவு அமுங்கியது என்று சொல்ல
குழாயில் ஒரு ரப்பர் வளையம்:
ஏறிய இடத்திலேயே நின்றுவிடும்.

விட்டேன்.
சில்வர் ஓக் வேர்கள் அதே வேர்கள்தான்,
ஆனால் இன்று ஒவ்வொன்றாக வந்தன.
கல். படி. மழை அறுத்த வாய்க்கால்.
திருப்பத்தில்
காட்டெருமை.

இரண்டு பிரேக்கும்.
முன்பக்கம் முழுக்க மூழ்கி
மெல்ல, மிக மெல்ல எழுந்தது.
அது ஒரு காதை ஆட்டியது.
வெகுநேரம் கழித்து இன்னொன்றை.
பிறகு தேயிலைக்குள் போய்விட்டது.

கீழே டீக்கடையில் கேட்டார்கள்.
பயமெல்லாம் இல்லை என்றேன்.

வளையம் குழாயின் உச்சியில் இருந்தது.
யாரும் பார்க்குமுன்
கட்டைவிரலால் கீழே தள்ளினேன்.