மூன்றாம் நம்பர் பதிவேடு

தண்ணீர் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு
வந்தான் கொர்னேல்.
முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு நின்றது அது.
பின்னால் ஒரு மீன்பாடி வண்டி
மணியடித்து மணியடித்து ஓய்ந்தது.

"யக்கா, எங்க தாத்தனுக்குத் தாத்தன்
போர்ச்சுக்கல்காரன்னு ஒரு பேப்பர் வேணும்.
பாஸ்போர்ட்டு குடுக்கிறானாம்.
கொடுங்கையூர் ஏஜெண்டு சொன்னாரு."

பங்கு அலுவலகத்தில் நான்தான் எழுத்தர்.
ஞானஸ்நானம், மெய்விவாகம், மரணம்
மூன்றுக்கும் ஒரே ரப்பர் ஸ்டாம்பு.
கட்டணம் ஐம்பது.
காசிமேட்டுக் காற்றில் உப்பேறிய அலமாரியைத் திறக்க
முழங்கால் கொடுக்க வேண்டும்.

பின்னோக்கிப் போனோம்.
அவன் அப்பா தமிழில் இருந்தார், பால்பாயின்ட் பேனாவில்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தா
இங்கிலீஷில், சாய்வெழுத்தில்.
அதற்கும் முன்னால் லத்தீன்.
யாக்கோபுஸ், பெத்ருஸ் என்று
கட்டுமரக்காரர் பிள்ளைகள் எல்லாம்
ரோமாபுரிக்காரர்களாகத் திரிந்தார்கள்.
நடுவில் ஒன்பது பக்கம் காலரா.
படிக்காமல் திருப்பினேன்.

வாசலில் நிற்கும் கொடிமரம்
மூழ்கிய கப்பலின் பாய்மரம் என்று
திருவிழா நோட்டீசில் ஆண்டுதோறும் அச்சாகும்.
இல்லை, மின்வாரியக் கம்பம்,
நான்தான் நட்டேன் என்பார் பொந்தியான் மேஸ்திரி.
இந்தக் கோயிலில் எதையும்
எழுத்தில் பார்க்காமல் நம்புவதில்லை நான்.

மூன்றாம் நம்பர் பதிவேடு போர்த்துகீசில்.
எனக்கு அதில் இருபது சொல்தான் தெரியும்:
மகன், மகள், கைம்பெண்,
தகப்பன் தெரியாது,
கப்பலில் இறந்தான்.
கோவாவிலிருந்து வந்த சாமியார் ஒருவர்
காலண்டர் தாளின் பின்புறம் எழுதித் தந்தவை.
பூச்சி தின்றதுபோக மிச்சத்தில்
விரல் வைத்துத் தேடினேன்.
ஸ்கேன் எடுக்கும் டாக்டரைப் பார்ப்பதுபோல்
என் முகத்தையே பார்த்தான்.

டி ரோசா.
இருந்தது.

புயலுக்கு மறுவாரம்.
கூரை இல்லை என்று
ஓரத்தில் குறித்திருக்கிறார் பாதிரியார்.
ஒரே நாளில் பதினோரு பேருக்கு ஞானஸ்நானம்.
இவனுடைய ஆளுக்கு வயது நாலு.
தகப்பன் பெயரை எழுதி, அடித்து,
எழுதி, அடித்து,
மூன்றாம் தடவை பிடித்துவிட்டார்:
கன்னியப்பன்.
உடல் கரைக்கு வரவில்லை.
ஞானத்தகப்பன் மானுவேல் டி ரோசா,
பவழ வியாபாரி.

"அப்ப இது ரத்தம் இல்லியா?"

"தலையில தண்ணி ஊத்தறப்போ
தோளத் தொட்டுக்கினு நின்னாரு.
பேரக் குடுத்தாரு. அவ்ளோதான்."

"மத்த பத்துப் பேருக்கு?"

மற்ற பத்துப் பேருக்கும் அவரேதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தான்.
"அதான் தெருவுல பாதிப் பேரு டி ரோசாவா?
அந்த ஆளுக்கு எத்தினி பொண்டாட்டியோன்னு
எங்க சித்தப்பா சாவுற வரிக்கும் பொறாமப்பட்டாரு."

மானுவேலுக்குப் பிள்ளை இல்லை.
எட்டுப் பக்கம் தள்ளி அவரும் இருக்கிறார்,
கடன் பட்டியலோடு.
வடக்கு வாசலில் அடக்கம்.
அந்தக் கல்லை எல்லோருக்கும் தெரியும்,
கொடியேற்றத்தன்று செருப்பு விடும் இடம்.
எழுத்தெல்லாம் தேய்ந்து
மண்டையோடு மட்டும் பல்லைக் காட்டும்.
சின்னப் பிள்ளைகள் அதற்குச் சுண்டல் ஊட்டுவார்கள்.

சர்டிபிகேட் எழுதச் சொன்னான்.

"இத வெச்சி பாஸ்போர்ட்டு கெடைக்காதுப்பா."

"தெரியுது. கன்னியப்பன்னு இருக்கில்ல,
அத்தப் பெருசா எழுதுக்கா."

தகப்பன் என்ற கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கோட்டைத் தாண்டி எழுதினேன்.
ஐம்பது ரூபாயைச் சில்லறையாகக் கொடுத்தான்,
எல்லாம் ஈரம்.

வெளியே அவன் இல்லாமலே
யாரோ குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
குடம் நிரம்பி, அடுத்த குடம் நிரம்பி,
தண்ணீர் வடக்கு வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது.
"யோவ் டி ரோசா!" என்று
இடுப்பில் குடத்தோடு ஒருத்தி கத்தினாள்.

தெருவில் நாலு பேர் திரும்பினார்கள்.