பன்மையில் திட்டியது தொடர்பாக

பென்னாகரம் காவல் நிலையத்தில்
புகார் எழுதுவது என் வேலை.
சொந்த ஊர் உடன்குடி.
"ஆபாச வார்த்தைகளால் ஒருமையில் திட்டி" என்பது வரை
கை தானாகவே எழுதிவிடும்,
பேரும் ஊரும் நேரமும் மட்டும் கேட்பேன்.

மாதையன் வந்தார்.
முழங்கைவரை தக்காளிச் செடியின் பச்சைக் கறை.
"என்னைச் சொங்கின்னுட்டாங்க மேடம்."

பேனா நின்றது.
எங்கள் பக்கத்து மூதி எத்தனை டிகிரி சுடும் என்று
எனக்குத் தெரியும்.
அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த சூடு,
குடிக்கலாம்.
இது புதுப் பாத்திரம்.
கெட்ட வார்த்தையா என்று ஏட்டைக் கேட்டேன்.

ஏட்டு சிரித்தார்:
சோளம் அடித்துத் தூற்றினால்
மணி காலடியில் விழும்,
சொங்கு பக்கத்துக் காட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

பெண் காவலர் சின்னபாப்பா சொன்னாள்:
எங்க வீட்டு டிவிஎஸ்
ரெண்டு பேர் ஏறினா மேட்டுல சொங்கியாயிடும், மேடம்.
சோறு பிசையறதுக்குள்ள தூங்கிப்போற என் பையனும் சொங்கிதான்.
அவனை அப்படிச் சொல்லிக்கிட்டேதான்
தூக்கிப் படுக்கவைப்பேன்.

லாக்கப்பிலிருந்து,
யாரும் கேட்காமலே,
சீட்டாட்டத்தில் பிடிபட்டவன் சொன்னான்:
ஜாமீனுக்கு வரேன்னு சொல்லிட்டு
போனை அணைச்சுட்டானே என் மச்சான்,
அவன் பேரை எழுதிக்குங்க, அதான் அர்த்தம்.

எழுதவில்லை.
மாதையனிடம் கேட்டேன், சொன்னது யார்?
"வேடியப்பன். கூட்டாளிதான்."
இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறாரா?
"இருபது வருசமா சொல்றான்.
டே சொங்கி, மோட்டாரைப் போடு.
டே சொங்கி, பொண்ணு பாக்கப் போறமே
இந்தச் சட்டையா?
எங்கப்பனை எடுத்த அன்னிக்கு
நான் எழுந்திரிக்காம உக்காந்திருந்தப்போ,
டே சொங்கி, ரெண்டு வாய் தின்னுடான்னான்."

அப்புறம் இப்போது என்ன வந்தது?

மின்விசிறிக்குக் கீழே
தாள் பறக்காமல் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார்.

"நேத்து பேங்க்காரங்க வந்தாங்க.
ட்ராக்டர் கடனுக்கு விசாரிக்க.
இவன்கிட்டதான் கேட்டாங்க, ஆள் எப்படின்னு.
இவன் சொல்றான்,
'அவரு கொஞ்சம் சொங்கிங்க சார்'.

அவருன்னான் மேடம்.
சொங்கிங்கன்னான்."

நான் பார்த்த புகார்களிலெல்லாம்
மரியாதை குறைந்ததாகத்தான் வழக்கு.
இவருக்குக் கூடிவிட்டது.
ஒரு 'டே' போன இடத்தில்
தூற்றுகிற காற்று வந்து நின்றிருக்கிறது.
இதற்கு எந்தப் பிரிவு?
"பன்மையில் திட்டி" என்று எழுதிப் பார்த்தேன்.
இங்க் காய்வதற்குள்
எனக்கே அவமானமாக இருந்தது, யார் சார்பில் என்று தெரியவில்லை.

வேடியப்பனுக்குப் போன் போட்டேன், ஒலிபெருக்கியில்.
பின்னால் ஆடு கத்தியது.
"ஸ்டேசன்லருந்தா? எனக்கா?
ஐயோ, அந்தச் சொங்கி அங்கயா வந்து உக்காந்திருக்கான்?
சாப்பிட்டானா இல்லையா?"

யாரும் பேசவில்லை.
மாதையன் சுவரில் தேடப்படுவோர் படங்களை
ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
மூன்றாவது ஆளின் முகத்தில் வெகுநேரம் நின்றார்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா?
"வேணாங்க. இருக்கட்டும்.
கடன் போனது போனதுதானே.
அந்த 'அவரு'வை மட்டும் அடிச்சுடுங்க."

அடித்தேன்.
அந்த ஒரு சொல் போனதும்
மீதிப் பக்கம் முழுக்க
ரெண்டு பேர் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரசீது கொடுத்துவிட்டேன், எண் நூற்றுப் பதினேழு.
புகாரின் தன்மை என்ற கட்டத்தை
ஆய்வாளர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
வாசலில் அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன்.
வாய் வரை வந்தது.
எனக்கு அந்த உரிமை இல்லை.
"செருப்பைப் பாருங்க" என்றேன்,
ரொம்ப மரியாதையாக.