அரைப்பேர்

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை,
கதவில் நானே ஒட்டிய தாள்:
‘குடும்ப ஆலோசனை. பயிலுநர்.’
பயிலுநர் என்பதைக் கிழிக்க
இன்னும் நூற்றுப் பதினாறு மணித்தியாலம்.

அம்மாவுக்குப் பதினெட்டுக் கிலோ இருந்தால்தான் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
எனக்கும் இப்போது ஒரு புத்தகம்:
திகதி, ஆள், நேரம், கையொப்பம்.
மழைநாளில் கொழுந்தின் ஈரத்துக்கு
இரண்டு கிலோ கழிப்பார் கணக்கப்பிள்ளை.
இங்கே ஈரத்துக்குக் கழிவு இல்லை,
அது ஒன்றுதான் ஆறுதல்.

‘கல்யாணமே ஆகல,
புருசன் பொண்டாட்டி சண்டைக்கு நீ என்னத்த வெளங்குவ?’
சித்தப்பா சிரித்தார்.

ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா.
சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும்போது
இந்தப் பக்கம் ரேடியோவைக் கூட்டுவோம்.
காலையில் பீலிக்கரையில்
வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு
‘தண்ணி வருதாக்கா’ என்போம்.
பத்தடிக் காம்பராவில் இருப்பவர்களுக்கு
அடைத்துக்கொள்ள வேறு கதவு ஏது?
அதை மரியாதை என்றுதான் படித்திருந்தேன்.
மறக்கக் கண்டிக்குப் பஸ் ஏறினேன், இரண்டு வருடம்.

நடித்துக்காட்டும் வகுப்பில்
கூடப் படித்த சிராஜ் புருஷனாகி மேசையைத் தட்டிக் கத்தினான்.
என் கை தானாக நீண்டது
அங்கே இல்லாத ஒரு ரேடியோவுக்கு.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

உளப்பேரதிர்ச்சி. ஒன்பது எழுத்து.
பரீட்சைக்கு எழுதியதோடு சரி.
படியேறி வருகிறவர்கள் கொண்டுவருவது
‘ஒறக்கம் இல்லம்மா.’
‘சோறு எறங்கல.’
‘இவருகிட்ட சொல்லுங்க,
சப்பாத்த கழட்டிட்டுப் படுக்கச் சொல்லி.’

கடைசியாகச் சொன்னது இந்திராதேவி.
முத்துவேல் தரையைப் பார்த்தார்.
மண்சரிவில் மகன் போய் மூன்று வருடம்.
அன்றைக்கு இருட்டில் செருப்புத் தேடிய ஒரு நிமிடம்,
அதற்குள்தான் இன்னும் குடியிருக்கிறார்.
அவளுக்கும் தெரியும்.
நாலு தடவை வந்தார்கள்.
நாலு தடவையும் என்னிடம் பேசினார்கள்,
நான் ஏதோ தபால்பெட்டி போல.

ஐந்தாவது தடவை, பத்தொன்பதாவது நிமிடம், மழை.
தகரத்தில் விழும் மழை;
என் குரல் எனக்கே எட்டவில்லை.
அவர் எழுந்து கதவருகே போய் நின்றார்.
என் தாளில் ஆறு கேள்விகள் மிச்சம் இருந்தன.
இந்திராதேவி போய் அவர் காலடியில் குந்தினாள்.
கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன்.
தளர்ந்திருந்த இடது நாடாவை இழுத்து,
இறுக்கி,
இரட்டை முடிச்சுப் போட்டாள்.
பிறகு வலது.
அவர் வாய் அசைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
அவள் வாயும் அசைந்தது.
நெடுநேரம்.
ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

மேற்பார்வையாளர் கேட்டார்:
‘அந்த இடத்தில் உங்கள் தலையீடு என்ன?’
‘ஒண்ணும் கேக்கல, மிஸ். மழை.’
‘அதனால்?’
‘நாற்காலியிலேயே இருந்தேன்.’
பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.
ஐம்பது நிமிடம் என்றே எழுதி ஒப்பமிட்டார்.
முழுப்பேர்.

வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
திரும்பாமலே சொன்னாள்:
‘நேத்து ராத்திரி தூக்கத்துல பேசுன.’
‘என்ன பேசுனேன்?’
‘தெரியல.
ரேடியோவ கூட்டிட்டேன்.’