இருபது தப்படி

பிப்ரவரிக் காற்று சாய்த்த ஸ்ப்ரூஸ் மரங்களை
அறுத்து அடுக்கிவிட்டார்கள்,
என் வேலிக்கு இருபது தப்படியில்.
அவை ஓதகாருடையவையா, தங்கை க்வெத்தாவுடையவையா
என்பது யிஹ்லவா கோர்ட்டில் இருக்கிறது.
தீர்ப்பு வரும்வரை லாரி வராது.

மே ஒன்பது. பதினெட்டு டிகிரி வெயில்.
வண்டுக்கு வாய்தா கிடையாது.

ஒரு நொய் அளவுதான் உடம்பு.
முதலில் ஓர் ஆண். துளைத்து உள்ளே போய்
வாசனையால் ஊரைக் கூட்டுகிறான்.
சாயங்காலத்துக்குள் அடுக்கு முழுக்கக்
காப்பித்தூள் சிந்தினாற்போல்,
சிலந்தி வலையில்கூட.

வெட்டிய மரம் எதிர்ப்பதில்லை.
உயிருள்ளது பிசினைப் பொங்கவிட்டு
வந்தவனை அப்படியே மூழ்கடிக்கும்,
மழை பெய்த வருஷமாக இருந்தால்.
இது மூன்றாவது வறண்ட வருஷம்.

க்வெத்தாவுக்குப் போன் செய்தேன்.
"அண்ணன் பேசச் சொன்னானா?" என்றாள்.
ஓதகார் வீட்டுக்குப் போனேன். சூப் குடித்துக்கொண்டிருந்தார்.
"அவள் அனுப்பினாளா?"

மே கடைசியில் ஓரிரவு
பட்டை உரிக்கும் இரும்போடு வேலி தாண்டினேன்.
அறுபத்திரண்டு வயதில் முதல் திருட்டு;
எடுத்துக்கொண்டது எதுவுமில்லை.
தலைவிளக்கின் வெளிச்சத்தில் பட்டை
ஈரச் சட்டைபோல் கழன்றது.
உள்ளே நேராக ஒரு தடம்,
இருபுறமும் கிளைத்த சிறுதடங்கள்,
ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வெள்ளைப் புழு,
காற்றுப் பட்டதும் சுருண்டது.
அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

ஒன்பது கட்டை முடிந்தது.
பத்தாவதில் டார்ச் வெளிச்சம் என் முகத்தில்.
"சாட்சிப் பொருளைத் தொடாதே, ராத்மிலா."

ஜூலையில் அடுக்கு ஓசையில்லாமல் காலியானது.
கட்டைகள் என்னவோ அங்கேயேதான் கிடக்கின்றன.

தினமும் என் மரங்களைச் சுற்றிவருகிறேன்,
வேர்மேட்டில் விரல் வைத்துப் பார்த்தபடி.
நேற்று, வேலியிலிருந்து நான்காவது:
பாசிமேல் ஒரு சிட்டிகைத் தூள்.
அண்ணாந்தேன். உச்சிவரை பச்சை.
ஒரு குருவி கூம்பைக் கொத்திக்கொண்டிருந்தது.
அதற்குத் தெரியாது.
மரத்துக்குத் தெரியுமோ என்னவோ.

தூளை ஊதிப் பார்த்தேன்,
இல்லையென்று ஆகிவிடுமா என்று.
பிறகு ஆரஞ்சுச் சாயத்தில் ஒரு கோடு.

வெட்டத்தான் வேண்டும், இந்த வாரமே, பச்சையாக இருக்கும்போதே.
லாரிக்காரன் ஆகஸ்ட் என்கிறான்.
அதுவரை எங்கே அடுக்குவது?
மேற்கே ஸ்லாவொமீரின் மரங்கள்.