லாம், வேண்டும்

கிளைபேடா துறைமுக மருத்துவமனை,
கீழ்த்தளம், அறை பதினான்கு.
ஜன்னல் இல்லை.
வெளியே காற்று வீசுவது
ஹெட்செட் வழியாகத்தான் கேட்கும்,
ஆம்புலன்ஸ் வாசலிலிருந்து யாராவது அழைக்கும்போது.

செவ்வாய் இரவு இரண்டு பத்து.
ஆய்வகத்தில் லேபிள் அச்சு நின்றது.
ரத்தக் குழாய்கள் பெயரில்லாமல் வரிசையில்.
வாசலில் இறங்கிய மாதிரிகளை வாங்கிக்கொண்டே
அல்தோனா கூப்பிட்டாள்.
"மறுபடியுமா?" என்றேன்.
ரீஸ்டார்ட். நான்கு நிமிடம். டிக்கெட்டை மூடினேன்.
ஒப்பந்தம் நாற்பது நிமிடம் தருகிறது;
என் வரைபடம் முழுக்கப் பச்சை.

இப்படிப் பதினேழு செவ்வாய்.

பகல் ஷிப்ட் ரிம்வீதாஸ்
பீட்ரூட் சூப் கிண்ணத்தோடு வந்து நின்றான்.
"பதினேழு தடவை அணைத்தாய், சரி.
பற்றவைப்பது யார்?"
நிகழ்வு வேறு, சிக்கல் வேறு என்று
எங்கள் சட்டகம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.
நிகழ்வுக்கு வேகம். சிக்கலுக்குப் பொறுமை.
ஆனால் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தவளிடம்
ஓட்டை எங்கே என்று கேட்டால்
கோபம் வராதா?

சட்டகம் சாது. "லாம்" என்றே பேசும்.
சிக்கலைத் தனியே பதியலாம்,
மாற்றத்துக்கு முன் நாலு பேரைக் கேட்கலாம்,
உங்கள் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.
நாங்களும் வெட்டினோம்.
கை, காலர், பொத்தான்.
மிஞ்சியது ஒரு பாக்கெட்.

மார்ச்சில் ரீகாவிலிருந்து ஜித்ரா வந்தாள்.
ஈரக் குடை, பென்சில், தணிக்கையாளர் அட்டை.
அவள் கையில் இருந்தது தரநிலை:
இருபதாயிரம் என்று எண்ணிட்டது, மெலிந்தது,
அதற்குத் தெரிந்த ஒரே முடிவு "வேண்டும்".
பதிந்திருக்க வேண்டும்.
ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.
எந்தக் கருவியால், எந்தப் படிவத்தில் என்று சொல்லாது.
கேட்டால், உன் வீடு உன் பாடு.

"காட்டுங்கள்" என்பாள் ஜித்ரா.
"சொல்லுங்கள்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பதினேழு டிக்கெட்டையும் காட்டினேன்.
"இவற்றுக்குத் தாய் எது?"
ரிம்வீதாஸ் சர்வரைத் திறந்தான்.
தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில்
செவ்வாய், இரண்டு பத்து, ஒரே வரி.
எழுதியவர் பெயர்: யுர்கிதா.
நான்.

இரண்டு பனிக்காலத்துக்கு முன்பு
பழைய அச்சுப்பொறி விக்கி விக்கி நின்றது.
அல்தோனாவின் விரல்கள் விறைத்திருந்தன.
வரிசையைத் துடைக்கிற சிறு நிரல் ஒன்றை
யாரையும் கேட்காமல் வைத்தேன்.
மறுநாள் பாப்பி விதை கேக் வந்தது.
கேக்குக்கு யாரும் டிக்கெட் போடவில்லை.
நவம்பரில் அச்சுப்பொறியை மாற்றினார்கள்.
நிரலுக்கு அது தெரியாது.
பழைய அன்போடு வாராவாரம் வந்து
புதியதன் கழுத்தைப் பிடித்தது.

ஜித்ரா பென்சிலைக் கூர் பார்த்தாள்.
"மாற்றப் பதிவு?"
இல்லை என்றேன்.
அவள் எழுதிய சொல்லும் அதுதான்.

நிரலை அழிக்க ஒரு நொடி போதும்.
அழிக்க அனுமதி கேட்கும் படிவத்துக்கு மூன்று நாள்.
கோரியவர்: நான்.
அபாயம்: குறைவு என்று முன்பும் நினைத்தேன்.
முதலில் வைத்ததன் காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் விரல் நின்றது.
"குளிர்" என்று எழுதினேன்.
போதாது என்று திருப்பி அனுப்பினான் ரிம்வீதாஸ்.

அடுத்த செவ்வாய், இரண்டு பத்து.
போன் அடிக்கவில்லை.
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே காற்று இருக்கிறதா
என்றே தெரியவில்லை.